ஏலப்பாறைக்கு ஒரு பூட்டு

அந்தச் சனிக்கிழமை மதியம் என் மகள் சமையலறையில் நின்றபடி, சட்டியிலிருந்தே கோழி வறுவலை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் என் முன்னால் திறந்திருந்த மடிக்கணினியில் அவள் பெயருக்கு நேரே ஏலப்பாறை என்று போட்டிருந்தது. சற்று முன்னர்தான் உள்ளே நுழைந்ததாகவும், அவள் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையின் இலை எடைக் கணக்கைத் திறந்து வேலை செய்துகொண்டிருப்பதாகவும் திரை சொன்னது.

பழைய தகவலாக இருக்கும் என்று திரையைப் புதுப்பித்தேன். ஒரு எடை ஏறியது. இன்னொன்று ஏறியது. மலைமேல் எங்கோ என் மகளின் பெயரில் யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். "காரம் பத்தலைம்மா" என்று சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெயரை மூடுகிற பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டது, ஆள் இங்கே இருக்கிறாள் என்று அடித்தேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். அவ்வளவுதான். ஏலப்பாறையில் எடை ஏறுவது நின்றது.

பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் எண்ணெய் ஆலைக்கு நான் கணக்கு எழுத வந்தவள். கணினி வந்தபோது அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு தொழில் பெருகியது. முதலாளி தென்னந்தோப்பையும் எண்ணெய் ஆலையையும் பார்த்தார். அவருடைய பெரிய தம்பி இடுக்கி மலையில் ஏலப்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை வாங்கினார். சின்னத் தம்பி பீர்மேட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுதி கட்டினார். மூன்று பேரும் ஆளுக்கொரு கிளவுடில் ஆளுக்கொரு மென்பொருளை வாங்கிப் போட்டார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் அடுப்பு பிரிந்த மாதிரி, கணக்கும் மூன்று இடத்தில் வெந்தது. மூன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். விடுதியின் கடவுச்சொல் வரவேற்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் எல்லோரும் படிக்கும்படி இருந்தது. விடுதிக்கு வந்தவர்களின் அடையாள அட்டைப் படங்கள் ஒரு முறை வெளியே கசிந்துவிடவே, முதலாளி என்னை அழைத்தார்.

"அம்மணி, மூணுக்கும் சேத்தி ஒரே கதவு, ஒரே பூட்டு. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க. நான் படிக்காதவன், நீங்க கை காட்டறதுல கையெழுத்துப் போடறேன்."

நிறைய விற்பனையாளர்கள் வந்தார்கள். படம் போட்டுக் காட்டினார்கள். பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், கடைசியில் எனக்கு இரண்டு வகைதான் புரிந்தது. ஒன்று, இடத்தைப் பார்த்துத் திறக்கும் பூட்டு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெட்டி வைப்பார்கள். அந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர்களை நம்பி உள்ளே விடும். இன்னொன்று, ஆளைப் பார்த்துத் திறக்கும் பூட்டு. எங்கே இருந்தாலும் சரி, உன் பெயரைச் சொல்லு, உன் கைபேசியில் கேள்வி வரும், 'நான்தான்' என்று அழுத்து, உள்ளே போ. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்கும். எந்த கிளவுடாக இருந்தாலும் அந்த ஒரே வாசல்தான்.

இரண்டாவதைத்தான் நான் சிபாரிசு செய்தேன். எல்லாக் காரணங்களையும் அறிக்கையில் எழுதினேன், ஒன்றைத் தவிர. அந்தப் பூட்டை விற்கிற கொச்சி நிறுவனத்தின் பாதுகாப்பு ஆலோசகர் ஒரு திரையைக் காட்டினார். யார், எந்த ஊரில், எப்போது உள்ளே வந்தார்கள் என்று வரிசையாகத் தெரிந்தது. என் மகள் அதற்குச் சற்று முன்புதான் ஏலப்பாறைத் தொழிற்சாலையில் கணினி உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். படிப்பு முடிந்து முதல் வேலை. மலை, மழை, மண் சரிவு, தனியாக ஒரு அறை. இந்தத் திரை இருந்தால் தினமும் காலையில் அவள் வேலைக்கு வந்துவிட்டாளா என்று தெரிந்துவிடும். அந்த நிமிடமே என் மனம் முடிவு செய்துவிட்டது.

சோதனை ஓட்டம் தொடங்கியதும் காலைக் காப்பியோடு அந்தத் திரையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தோப்புக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்ப்பார்.

"ஏன் புள்ள, ஊட்டுக்குள்ளயே செக்போஸ்ட் வெச்சுட்டியா? ரோட்டுல இருக்கறது பத்தாதா?"

"உங்களுக்கென்னங்க, தேங்கா எண்ணுனா போதும்."

"தேங்கா ஓடிப் போகாதுன்னு தெரியும். அதான் நிம்மதியா எண்றேன்."

கோபாலபுரத்திலேயே அந்தப் பூட்டு முதல் வாரம் ஒரு கூத்து காட்டியது. எங்கள் ஊரில் கைபேசி ஒரு நேரம் கேரளக் கோபுரத்தைப் பிடிக்கும், தோப்புப் பக்கம் நாலெட்டு வைத்தால் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும். முதலாளி ஆபீசில் ஒரு முறையும் தோப்பில் ஒரு முறையும் திறந்ததைப் பார்த்து, இந்த ஆள் நம்ப முடியாத வேகத்தில் மாநிலம் விட்டு மாநிலம் பாய்கிறார் என்று அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. "நான் மரத்துக்குத் தண்ணி விடப் போனேனுங்க அம்மணி, நாடு கடத்திப் போட்டுது" என்று சிரித்தார். கொச்சிக்காரரிடம் சொல்லி, அன்று சாயங்காலமே கோபாலபுரத்துக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தினோம். ஏலப்பாறையில் என்ன பாடு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, பெயரை மூடியதும் நான் மகளிடம் சொன்னேன். தட்டோடு வந்தவள் தட்டைக் கீழே வைத்தாள். சாதாரணமாக என்னை வா, போ என்பாள். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"யாரக் கேட்டு மூடுனீங்க?"

"உம் பேர்ல எவனோ உள்ள பூந்திருக்கறான். கேட்டுட்டா மூடுவாங்க?"

"நான் இங்கதான இருக்கறேன்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அவள் என் கைபேசியை எடுத்தாள். தொழிற்சாலையின் கம்பித் தொலைபேசிக்கு அழைத்தாள். யாரோ எடுத்தார்கள். "அக்கா, துண்டுச் சீட்டுல எழுதி வையுங்க, எல்லாத்தையும். ஆமா, எங்கம்மாதான்" என்றாள். 'எங்கம்மாதான்' என்று அவள் சொன்ன விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பிறகு என்னிடம், "அது திருட்டு இல்ல. நாளைக்கு நான் போறபோது கூட வாங்க. கண்ணால பாத்துட்டு வாங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொத்தானை அழுத்தினால் வாசல் மட்டும் மூடுவதில்லை, ஒரு அறிக்கையும் தானாகவே போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்திருந்தேன். அன்று மாலை முதலாளி அழைத்தார்.

"அம்மணி, கொச்சிக்காரரு பேசுனாருங்க. பாப்பா இங்க இருக்கறப்ப ஏலப்பாறைல பாப்பா பேரப் பொழங்கியிருக்காங்களாம். அதுவுமில்லாம, எடை போடற ஷெட்டச் சாத்துன பொறவு, நெறைய நாளு பாப்பா பேர்ல எடை ஏறியிருக்குதாமா. இல்லாத இலைய ஏத்திக் காட்டறாங்களோன்னு கேக்கறாரு. செவ்வாக்கிழமை பேசலாமுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? தேயிலைத் தொழிலில் எடையைக் கூட்டி எழுதினவர் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அந்த மலையில் எந்தத் தொழிற்சாலையும் அவரைச் சேர்க்காது. என் மகளின் முதல் வேலை, முதல் வருடம். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அவளுடைய பெயர் நிற்குமா போகுமா என்பது முடிவாகப் போகிறது. அந்தப் பெயரை மேசைமேல் தூக்கிப் போட்டது என் விரல்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். பொள்ளாச்சி போய், தேனி போய், குமுளி மலை ஏறி, வண்டிப்பெரியாறு தாண்டினோம். வழியெல்லாம் மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பீர்மேட்டில் இறங்கி ஏலப்பாறைக்கு ஜீப் பிடித்தபோதுதான், "இடிச்சுக்கப் போறீங்க, தலையக் குனிங்க" என்றாள். அன்றைய பயணத்தில் அவள் எனக்குச் சொன்னது அதுதான்.

கொழுந்து பெருகும் பருவம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. தொழிற்சாலை ஒரு பள்ளத்தில், இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்தது. இலை எடை போடும் ஷெட் கீழே. ஆபீஸ் சற்று மேட்டில். மகள் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. ஆபீசின் பின்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப் போனாள்.

ஜன்னல் கம்பியில் ஒரு கைபேசி தொங்கியது. மழைக்குப் பாலிதீன் உறை போட்டு, சணலால் இறுக்கிக் கட்டி, சார்ஜர் கம்பியைச் சுற்றி விட்டிருந்தார்கள். கம்பெனி அவளுக்குக் கொடுத்த கைபேசி. நான்தான் அதற்கு ஆர்டர் போட்டேன்.

"இந்த மொத்தப் பள்ளத்துலயும் இங்க மட்டுந்தான் சிக்னல். இந்தக் கம்பியில மட்டுந்தான். அந்தக் கம்பிக்கு மாத்துனா போயிரும்" என்றாள் மகள்.

கீழே ஷெட்டிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். தோட்டத்தில் ஆட்களைக் கூப்பிட மேற்பார்வையாளர்கள் அடிக்கிற அதே விசில். ஆபீசில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர், பேச்சை நிறுத்தாமலே கை நீட்டிக் கைபேசியைத் தொட்டார். பிறகு எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் பேச்சைத் தொடர்ந்தார். அந்தக் கைபேசியில் தொழிற்சாலை அதிகாரியின் பெயரும் பதிவாகியிருந்தது. மகளின் பெயர் மூடியதால் அன்று அவர் பெயரில் வேலை ஓடியது.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. கீழே கணினிக்கு இணைப்பு உண்டு. கம்பி வழியாக வருகிறது. ஆனால் 'நீ யார்' என்ற கேள்வி கைபேசிக்கு வரும். கைபேசிக்குச் சிக்னல் ஜன்னலில் மட்டும். கேள்வி வந்ததும் கீழேயிருந்து விசில். ஜன்னல் பக்கம் யார் இருக்கிறார்களோ அவர்கள் 'நான்தான்' என்று அழுத்துவார்கள். ஓட்டுநர், துப்புரவு செய்பவர், சம்பள முன்பணம் கேட்க வந்தவர், எல்லோரும் என் மகள்தான்.

நாங்கள் ஷெட்டுக்கு இறங்கினோம். எடை எழுதும் அக்கா தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கொழுந்து மூட்டைகளோடு பெண்கள் வரிசையில் இருந்தார்கள். மகள், "எங்கம்மா" என்றாள்.

"வாங்கம்மா. நீங்கதானா அது?" என்றாள் அக்கா. "ஒரு பட்டன அமுக்கி எங்க சனிக்கிழமையவே காணாம ஆக்கிட்டியளே."

வரிசையில் சிரிப்பு. எனக்கும் சிரிப்பதா என்று தெரியவில்லை.

"மொதல்ல இருந்து எல்லாத்தையும் சீட்டுல எழுதி முடிக்கதுக்குள்ள எல, மூட்டைல இருந்து சூடேறிப் போச்சு. இந்தப் புள்ளைய எல்லாம் மழையில நின்னுச்சுவ. எடை ஏறலன்னா கூலி ஏறாதுல்லா?"

"நீங்க ஏனக்கா உங்க பேர்லயே திறக்கக் கூடாது?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க பேரு குடுத்தாவ? ஆபீஸ்காரவியளுக்குத்தான் குடுத்தாவ. என் போன்ல சிக்னலும் கெடையாது, அது என் மவன் கையில கெடக்கு. ஒங்க மவ நல்ல புள்ள, எம் பேர எடுத்துக்கோங்கன்னு குடுத்துச்சு. எல வார நேரத்துல அந்தப் பொட்டி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க யாரு யாருன்னு கேக்குது. எத்தன விசிலு அடிக்க? அதான் சீட்டுல எழுதி வச்சி, ஷெட்ட அடச்ச பொறவு மொத்தமா ஏத்துதோம்."

ஷெட்டைப் பூட்டிய பிறகு எடை ஏறியதற்குக் காரணம் இதுதான். ஒரு திருட்டும் இல்லை. ஆனால் கொச்சிக்காரரின் கண்ணில் அது திருட்டைவிட மோசமாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. பெயரைக் கடன் கொடுத்திருக்கிறாள்.

படி ஏறும்போது மகளிடம் கேட்டேன். "முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

அவள் நின்றாள். "சொன்னேன். மொத வாரமே போன்ல சொன்னேன். இங்க சிக்னல் இல்லம்மா, ஒண்ணும் நடக்க மாட்டீங்குதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? ஸ்வெட்டர் போட்டுக்க சாமின்னு சொன்னீங்க."

எனக்கு நினைவிருந்தது. மகள் தனியாக இருக்கிறாள், பேச ஆள் இல்லை, அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். அன்று முழுதும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு ஸ்வெட்டர் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். கணினி உதவியாளர் ஒருவர் என்னிடம் ஒரு கோளாறைத் தெரிவித்தார் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

"அப்பறம் இன்னொண்ணு" என்றாள். "தினமும் காலைல நான் வந்துட்டனான்னு பாக்கறீங்களாமா? அப்பா சொன்னாரு. பாத்தீங்களே, வந்தது நானா?"

பல நாட்கள் காலையில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்திருக்கிறேன். அவற்றில் எத்தனை நாள் அவள், எத்தனை நாள் அந்த ஓட்டுநர் என்று எனக்குத் தெரியாது. அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாட்கள்கூட அதில் இருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் முதலாளியும் நானும் உட்கார்ந்தோம். கொச்சிக்காரர் திரையில் வந்தார். மரியாதையான மனிதர். மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார்.

"மேடம், எடை விஷயம் நான் அறியில்ல. ஆனா, சொந்தப் பேரு அடுத்த ஆளுக்குக் குடுக்கறது பெரிய தப்பாணு. அந்த ஸ்டாஃபை மாற்றணும். இல்லேன்னா இந்தப் பூட்டுக்கு அர்த்தம் இல்ல."

முதலாளி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். என் பக்கம் திரும்பினார். "இலைக்குத் தக்கன தூளு வந்திருக்குதுங்களா?"

நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். இல்லாத இலையை எழுதியிருந்தால் அரைத்த தூள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. சொன்னேன்.

"அப்ப எடை உடுங்க. அது சுத்தம்" என்றார். "ஆனா பேரக் குடுத்தது குடுத்ததுதானுங்களே. அவுரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. ஒண்ணு பண்ணலாமுங்களா? பாப்பாவ இங்க ஆலைக்கே மாத்திக்கலாம். உங்க கண்ணு முன்னால இருக்கட்டும். வெளிய யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அவள் மலைக்குப் போன நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்டது இதுதான். அவர் வாயிலிருந்தே வருகிறது. சரிங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். சனிக்கிழமை அழுத்திய அதே வேகத்தில் என் வாய் திறந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டு, "அவளக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

வெளியே வந்து ஆலை முற்றத்தில் நின்று, தொழிற்சாலையின் கம்பித் தொலைபேசிக்கு அழைத்தேன். மகள் வந்தாள். சொன்னேன்.

"அங்க வந்துட்டா, எடையத் திருத்துனவ, அம்மா காப்பாத்திக் கூட்டிட்டுப் போயிட்டான்னு பேசுவாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "நான் போயிட்டா அந்தக்கா மேல தூக்கிப் போடுவாங்கம்மா. அவுங்களுக்குன்னு ஒரு பேரே இல்லியே, மறுத்துப் பேச" என்றாள்.

"அப்ப என்ன பண்றது?"

"நீங்கதான பூட்டுத் தேர்ந்தெடுக்கறவிய?" என்றாள். ஏலப்பாறை அக்காவின் பேச்சு அவள் வாயில் ஏறியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். பூட்டு தப்பில்லை, ஆளுக்கொரு கைபேசி, எல்லா இடத்திலும் சிக்னல் என்று நினைத்து நான் வாங்கியதுதான் தப்பு. கோபாலபுரத்தில் உங்களுக்குத் தடங்கல் வந்தபோது ஒரே நாளில் மாற்றினோம், அங்கே போய்ப் பார்க்கவில்லை. கைபேசி வேண்டாம். கணினியில் செருகுகிற சின்னச் சாவி இருக்கிறது, சிக்னல் தேவையில்லை. எடை எழுதுகிறவருக்கும் அவர் பெயரிலேயே ஒன்று கொடுக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் எடையைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்புகிற பெட்டி ஒன்று ஷெட்டில் வேண்டும். மூன்று கிளவுடுக்கும் அந்த ஒரே வாசல் அப்படியே இருக்கட்டும்.

கொச்சிக்காரர் குறித்துக்கொண்டார். "அது செய்யலாம் மேடம். நிங்கள் முதல்லயே இந்தச் சிக்னல் கார்யம் சொல்லியிருந்தா அதைத்தான் குடுத்திருப்போம்."

முதலாளி மகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுக்கச் சொன்னார். எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றேன். "உங்களுக்குக் குடுத்தா அதையும் நீங்கதானுங்களே டைப் அடிக்கோணும்" என்றார். அடித்தேன். இரண்டையும்.

கடைசியில் கொச்சிக்காரர் ஒரு கேள்வி கேட்டார். ஏலப்பாறைக் கிளையைக் கண்காணிக்கவும், சந்தேகம் வந்தால் மூடவும் யாருக்கு அதிகாரம்? என் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தொழிற்சாலை அதிகாரியின் பெயரைப் போடச் சொன்னேன். "அப்போ உங்களுக்கு அவிடத்தே ஒண்ணும் காண முடியாது, ஓக்கேயா?" என்று திருப்பிக் கேட்டார். ஓக்கே என்றேன்.

சாவிகள் வந்து மாதக் கணக்காகிறது. எடை எழுதும் அக்கா தன் சாவியைத் தாலிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருப்பதாக மகள் சொன்னாள். விசில் நின்றுவிட்டதாம். மகள் என்னை மறுபடி வா, போ என்கிறாள், ஆனால் முன்போல எல்லாவற்றையும் சொல்வதில்லை. எனக்கு நிம்மதி வந்ததா என்றால், வரவில்லை. அந்தத் திரையை விட்டுக்கொடுத்தது சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை அவள் பெயரை யாராவது உண்மையிலேயே திருடினால், அதைப் பார்க்கிற இடத்தில் நான் இருக்க மாட்டேன்.

போன வாரம் மலையில் பலத்த மழை என்று செய்தி வந்தது. முதலாளி ஆபீசுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டார். "அம்மணி, ஏலப்பாறைல இன்னைக்கு வேலை நடக்குதுங்களா?"

"தெரியலீங்க" என்றேன். "கேட்டுச் சொல்றேன்."

கம்பித் தொலைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இலை வருகிற நேரம், எல்லோரும் கீழே ஷெட்டில் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு, மறுபடியும் அதே எண்ணைப் போட்டேன்.